கருவின் முதல் நாட்களில் டிஎன்ஏ எப்படி இரட்டிப்பாகிறது, எங்கே உடைகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலூட்டிகளின் கரு கருப்பையில் ஒட்டுவதற்கு முன்பே பல தடவை பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் டிஎன்ஏ முழுவதும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இரட்டிப்பாக வேண்டும். கருவின் முதல் சில செல்கள் இந்த வேலையில் தடுமாறுகின்றன என்பது அண்மை ஆண்டுகளின் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. உயிரியல் படிக்கும் மாணவர்களுக்காகவும், செயற்கைக் கருத்தரிப்பு அறிக்கையில் 'மொசைக்' (சில செல்களில் மட்டும் குரோமோசோம் பிழை உள்ள கரு) என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கியவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்களை எழுதுகிறேன்.

கருவுற்ற முதல் வாரத்தில் என்னதான் நடக்கிறது?

விந்தணு உள்ளே நுழையும் நேரத்தில் சினைமுட்டை தன் இரண்டாவது மியாசிஸ் பிரிவை (குரோமோசோம்களைப் பாதியாக்கும் பிரிவை) இன்னும் முடித்திருக்காது. விந்தணு வந்த பிறகுதான் அதை முடிக்கிறது. அப்புறம் தாயின் குரோமோசோம்களைச் சுற்றி ஓர் உட்கருவும் தந்தையின் குரோமோசோம்களைச் சுற்றி இன்னோர் உட்கருவும் உருவாகின்றன. ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் இருக்க, இரண்டும் தங்கள் டிஎன்ஏவைத் தனித்தனியாகவே இரட்டிப்பாக்குகின்றன.

மனிதக் கருவில் முதல் பிரிவு ஏறத்தாழ 24 முதல் 30 மணி நேரத்தில் நடக்கிறது. 3ஆம் நாளில் சுமார் 8 செல்கள் இருக்கும். 5ஆம் நாளில் கரு உள்ளே வெற்றிடம் கொண்ட ஒரு பந்தாகிறது. அதற்குப் பெயர் பிளாஸ்டோசிஸ்ட். அதன் வெளிச்சுவர் நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியை உண்டாக்கும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு செல்திரளிலிருந்துதான் குழந்தை உருவாகிறது.

இந்த முதல் நாட்களில் கரு பருமனில் வளர்வதில்லை. சுமார் 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முட்டையே சிறுசிறு செல்களாகப் பிரிந்துகொண்டு போகிறது. தொடக்கத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் இயங்குவதும் இல்லை. தாய் முட்டைக்குள் சேமித்து வைத்த புரதங்களையும் ஆர்என்ஏக்களையும் கொண்டே எல்லா வேலையும் நடக்கிறது. சுண்டெலியில் கரு தன் மரபணுக்களை முழுவீச்சில் இயக்கத் தொடங்குவது 2 செல் நிலையில். மனிதரில் அது 4 முதல் 8 செல் நிலை வரை தள்ளிப்போகிறது.

டிஎன்ஏ எப்படி இரட்டிப்பாகிறது?

மனிதச் செல் ஒன்றில் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்து சுமார் 600 கோடி எழுத்து இணைகள் உள்ளன (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளையே எழுத்துகள் என்கிறேன்). நீட்டி வைத்தால் அது 2 மீட்டர் வரும். அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகலெடுக்க ஆரம்பித்தால் மாதக்கணக்கில் முடியாது. ஒரு பெருநூலைப் பலருக்குப் பக்கம் பக்கமாகப் பங்கிட்டுக் கொடுத்து ஒரே நேரத்தில் படியெடுக்கச் சொல்வதுபோல, செல் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்குகிறது. இவை தொடக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் இரட்டை இழை பிரிந்து, இரு திசையிலும் இரண்டு கவைகள் நகர்கின்றன. இவற்றை இரட்டிப்புக் கவைகள் என்பார்கள். சாதாரண உடற்செல்லில் ஒரு கவை நிமிடத்துக்கு 1,000 முதல் 2,000 எழுத்துகள் வரை நகரும்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பின்னால் வரும் சிக்கல் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. தொடக்கப் புள்ளிகளுக்கு 'அனுமதி' கொடுக்கும் வேலை இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் மட்டுமே நடக்கிறது. ஓஆர்சி, சிடிசி6, சிடிடி1 ஆகிய புரதங்கள் சேர்ந்து எம்சிஎம் என்ற வளையப் புரதத்தை டிஎன்ஏமீது மாட்டிவிடுகின்றன. இரட்டிப்பு நடக்கும் எஸ் கட்டம் தொடங்கியதும் ஜெமினின் என்ற புரதம் சிடிடி1ஐக் கட்டிப்போடுகிறது. அதன்பின் புதிதாக எங்கும் எம்சிஎம் மாட்ட முடியாது. எந்தப் பகுதியும் இரண்டு தடவை நகலாகிவிடக் கூடாது என்பதற்கான காப்பு இது.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு கவைகள் வழியில் நின்றுபோய், அவற்றுக்கு நடுவே உபரியாக அனுமதி பெற்ற புள்ளி எதுவும் இல்லாவிட்டால், அந்தத் துண்டு நகலாகாமலே கிடக்கும். புதிதாக அனுமதி கொடுத்துச் சரிசெய்ய வழியில்லை.

எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் இரட்டிப்பாகுமா?

வளர்ந்த உடற்செல்களில் அப்படி இல்லை. அங்கே தெளிவான ஒரு கால ஒழுங்கு இருக்கிறது. மரபணுக்கள் அடர்ந்த, நெகிழ்வாகத் திறந்திருக்கும் பகுதிகள் முதலில் இரட்டிப்பாகும். மரபணுக்கள் குறைந்த, உட்கருவின் ஓரச்சுவரை ஒட்டி இறுக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதிகள் கடைசியில் வரும். எது முன்னே, எது பின்னே என்பது செல் வகைக்கு வகை மாறும். நரம்புச் செல்லாகப் போகும் செல்லின் ஒழுங்கு வேறு, இரத்தச் செல்லுடையது வேறு.

கருவில் அந்த ஒழுங்கு முதல் நாளிலிருந்தே இருக்கிறதா?

இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் அண்மையில் தெரியவந்தவற்றில் மிக முக்கியமானது இதுதான்.

ஜப்பானின் கோபே நகரிலுள்ள ரைக்கென் ஆய்வு மையக் குழு 2024இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கருப்பையில் ஒட்டுவதற்கு முந்தைய சுண்டெலிக் கருக்களை ஒவ்வொரு செல்லாக எடுத்து, எந்தப் பகுதி எப்போது இரட்டிப்பாகிறது என்று அவர்கள் வரைபடம் தயாரித்தார்கள். 1 செல், 2 செல் நிலைகளில் முன்பின் என்ற ஒழுங்கே தென்படவில்லை. டிஎன்ஏ முழுவதும் மெல்ல மெல்ல, எல்லா இடத்திலும் ஒரே சீராக இரட்டிப்பானது. கவைகள் மிக மிக மெதுவாக நகர்ந்தன.

4 செல் நிலையில் எல்லாம் சட்டென்று மாறியது. உடற்செல்களில் உள்ளது போன்ற கால ஒழுங்கு ஒரேயடியாகத் தோன்றியது. ஆனால் கவைகளின் வேகம் மட்டும் இன்னும் கூடவில்லை. ஏன் இது ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கவைகள் மெதுவாக இருந்தாலும், எல்லாப் பகுதியும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து இரட்டிப்பானால் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும். 'இந்தப் பகுதிகள் கடைசியில்தான்' என்று ஒழுங்கு வந்துவிட்டால், கடைசிப் பகுதிகளுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. வேகமான கவைகள் இருந்தால் மட்டுமே அதற்குள் முடிக்க முடியும்.

ஆய்வில் தெரிந்ததும் அதனோடு பொருந்துகிறது. 4 செல் நிலையில் எஸ் கட்டம் நீண்டது. இரட்டிப்பு நெருக்கடியையும் (கவைகள் தடுமாறி நிற்பதையும்) டிஎன்ஏ சேதத்தையும் காட்டும் அறிகுறிகள் கூடின. அடுத்து 4 செல்கள் 8 ஆகும் பிரிவில் குரோமோசோம்கள் உடைந்து தவறாகப் பங்கிடப்படுவது அதிகரித்தது. உடைப்புகள் குறிப்பாகக் கடைசியில் இரட்டிப்பாகும் பகுதிகளிலேயே குவிந்திருந்தன. 8 செல் நிலைக்குள் கவைகள் வேகம் பெற்றன, எஸ் கட்டம் பழைய அளவுக்குச் சுருங்கியது, பிழைகளும் குறைந்தன.

இவை நோயுற்ற கருக்கள் அல்ல, மருந்து கொடுத்துக் கெடுத்த கருக்களும் அல்ல. இயல்பான வளர்ச்சிப் பாதையிலேயே இப்படி ஓர் இடறல் இருக்கிறது.

ஒரே ஒரு செல்லை வைத்து இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

யோசனை எளிமையானது. எஸ் கட்டத்தின் நடுவில் இருக்கும் ஒரு செல்லைப் பிடித்து அதன் டிஎன்ஏ முழுவதையும் வரிசைப்படுத்துவார்கள். ஏற்கெனவே இரட்டிப்பான பகுதிகளிலிருந்து இரு மடங்கு துண்டுகள் கிடைக்கும். இன்னும் இரட்டிப்பாகாத பகுதிகளிலிருந்து ஒரு மடங்குதான் வரும். இப்படிப் பல செல்களை ஒப்பிட்டால் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று தெரிந்துவிடும். 1 செல் கருவில் இந்த ஏற்ற இறக்கம் தட்டையாக இருந்ததுதான் ஆய்வாளர்கள் கண்ட முதல் தடயம்.

கவையின் வேகத்தை அளக்க வேறு வழி இருக்கிறது. புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேரக்கூடிய, பின்னர் வண்ணமிட்டுப் பார்க்கக்கூடிய மூலக்கூறுகளை அடுத்தடுத்துக் கொடுப்பார்கள். பிறகு இழைகளைக் கண்ணாடித் தகட்டில் நீட்டி, வண்ணக் கோட்டின் நீளத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். கொடுத்த நேரம் தெரியும், கோட்டின் நீளம் தெரியும், வேகம் கிடைத்துவிடும்.

வேறு குழுக்களும் இதையே சொல்கின்றனவா?

ஜெர்மனியில் மியூனிக் நகரின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தில் மரியா எலேனா டோரஸ் பாடிலாவின் குழு அதே 2024இல், அதே இதழில், சுண்டெலிக் கருக்களின் வரைபடத்தை வெளியிட்டது. ஆரம்பத்தில் கால ஒழுங்கு மங்கலாக இருக்கிறது, 4 செல் நிலையிலிருந்து படிப்படியாகத் தெளிவடைகிறது என்பது அவர்கள் முடிவு. ஒரு குழு 'அடியோடு இல்லை, பிறகு திடீரென்று வந்தது' என்கிறது. இன்னொரு குழு 'மங்கலாக இருந்தது, படிப்படியாகக் கூர்மையானது' என்கிறது. அழுத்தம் வேறுபடுகிறது, ஆனால் 4 செல் நிலைதான் திருப்பம் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. மியூனிக் குழு இன்னொன்றையும் காட்டியது. கருவின் மரபணுக்கள் இயங்கத் தொடங்குவதற்கும் இந்த ஒழுங்கு செம்மைப்படுவதற்கும் தொடர்பு இருக்கிறது. உட்கருவுக்குள் திறந்த பகுதி, இறுகிய பகுதி என்ற இட அமைப்பு முதலில் வருகிறது, இரட்டிப்பின் கால ஒழுங்கு அதைப் பின்பற்றி வருகிறது.

கவைகள் மெதுவாக இருப்பதால் நன்மை ஏதாவது உண்டா?

உண்டு என்றே தோன்றுகிறது. அதே மியூனிக் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. வளர்ப்புத் தட்டில் இருக்கும் சுண்டெலிக் கருத் தண்டுச் செல்களில் (கருவிலிருந்து எடுத்த, பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்களில்) மிகச் சிறு பங்கு, 2 செல் நிலைக் கருவைப் போன்ற குணத்துக்குத் தானாகவே திரும்பும். அந்தச் செல்களில் கவைகள் மெதுவாக நகர்வதை அவர்கள் கண்டார்கள். அப்புறம் தலைகீழாகச் சோதித்தார்கள். சாதாரணத் தண்டுச் செல்களில் கவைகளை வேண்டுமென்றே மெதுவாக்கியபோது, 2 செல் நிலையைப் போன்ற செல்கள் அதிகமாகத் தோன்றின. உடற்செல்லின் உட்கருவை முட்டைக்குள் வைத்து நகல் கரு உண்டாக்கும் முறையிலும் கவைகளை மெதுவாக்கினால் வெற்றி விகிதம் கூடியது.

ஒரு முட்டையும் ஒரு விந்தணுவும் இரண்டுமே தனித்தொழில் கற்ற செல்கள். அவற்றிலிருந்து எல்லாத் திறனும் கொண்ட ஒரு செல் உருவாக, பழைய அடையாளக் குறிகளை அழித்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. இரட்டிப்பு நடக்கும்போதுதான் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் கழன்று மறுபடி சேர்கின்றன. கவை மெதுவாக நகர்வது இந்த மாற்றத்துக்கு வாய்ப்பளிக்கிறது என்று கருதுவது நியாயம். ஆகவே முதல் நாட்களின் மந்த வேகத்தை வெறும் குறையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கரு எல்லாமாகவும் ஆக முடிவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அதே மந்த வேகம் சற்று அதிக நேரம் நீடித்துவிட்டால் உடைப்புகளும் வருகின்றன.

இரட்டிப்பு முடியாமலே செல் பிரிந்தால் என்ன ஆகும்?

நகலாகாத துண்டில் இரண்டு சகோதரி இழைகளும் இன்னும் ஒன்றாகவே ஒட்டியிருக்கும். பிரிவின்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்கோல் இழைகள் அவற்றை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. நடுவே மெல்லிய டிஎன்ஏ பாலம் ஒன்று நீள்கிறது. பல நேரம் செல் அதைக் கடைசி நிமிடத்தில் அறுத்து ஒழுங்காகப் பிரித்துவிடும். பிரிவு தொடங்கிய பிறகும்கூட அவசரமாக இரட்டிப்பை முடிக்கும் ஒரு வழிமுறை செல்லுக்கு உண்டு. இரண்டும் பலிக்காவிட்டால் குரோமோசோம் உடையும்.

உடைந்த துண்டில் சென்ட்ரோமியர் (கதிர்கோல் இழைகள் பற்றும் இடம்) இருந்தால் அது ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேரும். சென்ட்ரோமியர் இல்லாத துண்டைக் கதிர்கோல் இழைகளால் பிடிக்க முடியாது. அது வழியில் தங்கி, பல சமயம் தனியாக ஒரு குட்டி உட்கருவுக்குள் அடைபடும். ஒரு மகள் செல்லில் அந்தப் பகுதி கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். குட்டி உட்கருவுக்குள் இரட்டிப்பு ஒழுங்காக நடப்பதில்லை என்பதால் அடுத்த சுற்றில் சேதம் இன்னும் பெருகவும் கூடும்.

இந்த வகைப் பிழைக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. முழுக் குரோமோசோம் கூடுவதோ குறைவதோ அல்ல, ஒரு குரோமோசோமின் ஒரு பகுதி மட்டும் கூடும் அல்லது குறையும். அறிக்கையில் இப்படித் துண்டளவு மாற்றம் தெரிந்தால் இரட்டிப்பு நெருக்கடியையும் ஒரு காரணமாக நினைத்துப் பார்க்கலாம்.

அரைகுறையாக இருப்பதை அறிந்தும் செல் ஏன் காத்திருப்பதில்லை?

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்கும் சோதனைப் புள்ளிகள் செல்களுக்கு உண்டு. நின்றுபோன கவைகளை ஏடிஆர், சிஹெச்கே1 என்ற புரதங்கள் உணர்ந்து, பிரிவைத் தள்ளிப்போடும். ஆனால் ஏராளமான கவைகள் ஒரே நேரத்தில் நின்றால் எழும் எச்சரிக்கை பலமாக இருக்கும். கடைசியில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் சிறு துண்டுகள் மீந்திருந்தால், உடற்செல்கள்கூட அதைக் கவனிக்காமல் பிரிந்துவிடுகின்றன. எளிதில் உடையும் இடங்கள் என்று பெயர்பெற்ற பகுதிகள், எஃப்ஹெச்ஐடி மரபணு இருக்கும் எஃப்ஆர்ஏ3பி போன்றவை, இப்படித்தான் உடைகின்றன. இரட்டிப்பைச் சற்றே மந்தப்படுத்தும் அஃபிடிகோலின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தாலே இந்த இடங்களில் முறிவு தெரியும்.

முதல் சில செல்களில் நிலைமை இன்னும் பலவீனம். குரோமோசோம்கள் எல்லாம் கதிர்கோலில் சரியாகப் பிடிபட்டனவா என்று பார்க்கும் சோதனை சுண்டெலிக் கருவில் தளர்வாகவே வேலை செய்கிறது.

மனிதக் கருவிலும் இப்படித்தானா?

ஆம், ஆனால் இடறும் இடம் வேறு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டீட்டர் எக்லியின் குழு 2022இல் செல் இதழில் வெளியிட்ட ஆய்வு, மனிதக் கருவில் முதல் செல்லிலேயே நெருக்கடி இருப்பதைக் காட்டியது. கவைகள் மெதுவாக நகர்கின்றன, நின்றுபோகின்றன. எஸ் கட்டம் முடிந்திருக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும், பிரிவுக்குச் சற்று முந்தைய ஜி2 கட்டத்தில்கூட, டிஎன்ஏ உருவாக்கம் தொடர்கிறது. அப்படியும் முடியாத பகுதிகளோடு கரு முதல் பிரிவுக்குள் நுழைந்துவிட்டால் குரோமோசோம்கள் உடைகின்றன. இதற்கு ஆளாகும் இடங்கள் பெரும்பாலும் மரபணுக்கள் அரிதாக உள்ள பகுதிகள்.

இதற்கு முன்பே, 2009இல், பெல்ஜியத்தின் லூவன் குழு ஒன்று 35 வயதுக்குட்பட்ட, கருத்தரிப்பதில் குறையில்லாத தம்பதிகளின் கருக்களை ஒவ்வொரு செல்லாகச் சோதித்தது. 3, 4 நாள் கருக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு செல்லிலாவது குரோமோசோம் பிழை இருந்தது. துண்டளவு மாற்றங்களும் அதில் அடக்கம். ஏன் இப்படி என்று அப்போது யாருக்கும் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை. இரட்டிப்பு நெருக்கடி பற்றிய ஆய்வுகள் அந்த விளக்கத்தின் ஒரு பெரிய பகுதியைத் தருகின்றன.

தாயின் வயதுதானே காரணம் என்று சொல்கிறார்கள்?

அது வேறு வகைப் பிழை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல பெண்கள் தேவையில்லாமல் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் மியாசிஸைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள், சில முட்டைகளில் 40 ஆண்டுகள்கூட, அப்படியே காத்திருக்கும். குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் புரதம் அதற்குள் தளர்ந்துபோகிறது. ஆகவே வயது ஏற ஏற, முட்டையிலேயே ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ வாய்ப்பு அதிகமாகிறது. இப்படி வந்த பிழை கருவின் எல்லாச் செல்களிலும் இருக்கும். முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதியில் குரோமோசோம் கோளாறு காணப்படுவதில் இந்த வகைக்குப் பெரும் பங்கு உண்டு.

நாம் பேசுவது கருவுற்ற பிறகு, மைட்டாசிஸ் பிரிவுகளில் (ஒரு செல் இரண்டாகும் சாதாரணப் பிரிவுகளில்) வரும் பிழை. அது சில செல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இதற்கும் தாயின் வயதுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. 20களில் இருக்கும் பெண்ணின் கருவிலும் வரும். 2015இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, பிஎல்கே4 மரபணுப் பகுதியில் தாய்க்கு இருக்கும் மிகச் சாதாரணமான ஒரு மாறுபாடு இந்த மைட்டாசிஸ் பிழைகளோடு தொடர்புடையது என்று காட்டியது. அந்த மாறுபாடு ஏராளமானவர்களிடம் இருக்கிறது. அதை நோய் என்று சொல்ல முடியாது.

தாய், தந்தை உட்கருக்கள் தனித்தனியே இருப்பதும் சிக்கலா?

அதுவும் ஒரு காரணம். இரண்டு உட்கருக்களும் ஒன்றாகக் கலந்த பிறகு ஒரே கதிர்கோலில் பிரியும் என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2018இல் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் சுண்டெலியில் முதல் பிரிவின்போது இரண்டு கதிர்கோல்கள் உருவாவதைக் காட்டியது. ஒன்று தாயின் குரோமோசோம்களுக்கு, இன்னொன்று தந்தையின் குரோமோசோம்களுக்கு. இரண்டும் ஒரே திசையில் நேராக அமையாவிட்டால் ஒரு மகள் செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் வந்துவிடலாம். பசுவின் கருக்களில் 2021இல் நடந்த ஓர் ஆய்வு, குரோமோசோம்கள் இரு உட்கருக்களும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் முன்கூட்டியே கூடிநிற்க வேண்டும், கூடாவிட்டால் பங்கீடு தவறும் என்று கண்டது. அந்தக் கூட்டம் பல கருக்களில் ஒழுங்காக அமையவில்லை.

இவ்வளவு பிழைகள் இருந்தும் நலமான குழந்தைகள் எப்படிப் பிறக்கின்றன?

பிழையுள்ள செல்கள் எல்லாம் குழந்தையாக வளர்வதில்லை என்பதுதான் பதில். கரு ஆய்வாளர் மாக்டலேனா செர்னிக்கா கோட்ஸின் குழு 2016இல் சுண்டெலியில் இயல்பான செல்களையும் குரோமோசோம் பிழையுள்ள செல்களையும் கலந்து கருக்களை உருவாக்கிப் பின்தொடர்ந்தது. குழந்தையாகப் போகும் உட்செல்திரளில் பிழையுள்ள செல்கள் தாமாகவே மடிந்தன. நஞ்சுக்கொடியாகப் போகும் பகுதியில் அவை சாகவில்லை, மெதுவாகப் பெருகின. இயல்பான செல்கள் போதுமான அளவு கலந்திருந்த கருக்கள் நலமாக வளர்ந்தன.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில செல்களோ செல் துணுக்குகளோ கருவுக்குள் சேராமல் ஓரத்தில் ஒதுங்கிவிடும். அவற்றில் பிழையுள்ள குரோமோசோம்கள் இருப்பது உண்டு.

எல்லாக் கருவும் இப்படித் தப்பிக்கும் என்று சொல்லவில்லை. முதல் பிரிவிலேயே பெரிய பிழை நேர்ந்தால் நல்ல செல்லே மிஞ்சாது. அத்தகைய கருக்கள் பெரும்பாலும் பிளாஸ்டோசிஸ்ட் ஆகும் முன்பே நின்றுவிடும்.

என் கருவின் அறிக்கையில் 'மொசைக்' என்று வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அந்தச் சோதனை என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கருவைக் கருப்பையில் வைக்கும் முன் குரோமோசோம்களைப் பார்க்கும் பிஜிடி-ஏ சோதனையில் பிளாஸ்டோசிஸ்டின் வெளிச்சுவரிலிருந்து சுமார் 5 முதல் 10 செல்களை எடுப்பார்கள். கருவில் அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் இருக்கும். எடுத்தவை நஞ்சுக்கொடிக்குப் போகும் செல்கள், குழந்தைக்குப் போகும் செல்கள் அல்ல. ஆகவே அது ஒரு மாதிரிதான், கருவைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அல்ல.

2015இல் இத்தாலிய மருத்துவர்கள், வேறு கரு இல்லாத 18 பெண்களுக்கு அவர்கள் சம்மதத்துடன் மொசைக் கருக்களை வைத்ததையும், 6 நலமான குழந்தைகள் பிறந்ததையும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தெரிவித்தார்கள். அதன்பிறகு மொசைக் கருக்களை உடனே ஒதுக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் மாறியது. இயல்பான கரு இருந்தால் அதற்கு முதலிடம் கொடுப்பார்கள். இல்லாவிட்டால், எந்தக் குரோமோசோம், முழுதா துண்டா, எத்தனை விழுக்காடு என்று பார்த்து முடிவெடுப்பார்கள். உங்கள் மருத்துவரிடமும் மரபியல் ஆலோசகரிடமும் இந்த மூன்றையும் தவறாமல் கேளுங்கள். கருத்தரித்த பிறகு பனிக்குட நீர்ச் சோதனையால் குழந்தையின் குரோமோசோம்களை நேரடியாகப் பார்க்கவும் வழி இருக்கிறது.

நியூக்ளியோசைடு கொடுத்தால் பிழை குறையும் என்று படித்தேன். மாத்திரை எடுக்கலாமா?

வேண்டாம். ரைக்கென் ஆய்வில் வளர்ப்பு ஊடகத்தில் நியூக்ளியோசைடுகளை (டிஎன்ஏ உருவாக்கத்துக்கான மூலப்பொருள்களை) சேர்த்தபோது சுண்டெலிக் கருக்களின் கவைகள் வேகமெடுத்தன, 4 செல் நிலைக்குப் பிந்தைய உடைப்புகள் குறைந்தன என்பது உண்மை. நெருக்கடிக்குக் காரணம் கவையின் வேகம்தான் என்று நிறுவ அந்தச் சோதனை உதவியது. தட்டில் இருக்கும் சுண்டெலிக் கருவுக்கு நேரடியாகக் கொடுப்பதும், ஒரு பெண் வாய்வழி எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. மேலும் மந்த வேகத்துக்குக் கருவின் மறுசீரமைப்பில் பங்கு இருக்கிறது என்று மேலே பார்த்தோம். அதைக் கண்மூடித்தனமாகத் துரிதப்படுத்துவது சரியாகாது. இந்த ஆய்வைக் காட்டி யாராவது எதையாவது விற்றால் வாங்காதீர்கள்.

தவளை, ஈ போன்றவற்றின் கருவும் இப்படி மெதுவாகவா இயங்குகிறது?

நேர் எதிர். பழ ஈயின் கருவில் முதல் உட்கருப் பிரிவுகள் 10 நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் நடக்கின்றன. ஆப்பிரிக்கத் தவளைக் கருவில் சுமார் 30 நிமிடத்துக்கு ஒன்று. நெருக்கமாகத் தொடக்கப் புள்ளிகளை வைத்து அவை அவ்வளவு விரைவாக இரட்டிப்பை முடிக்கின்றன. உடலுக்கு வெளியே, எதிரிகள் நடுவில் வளரும் கருவுக்கு அந்த அவசரம் தேவை. பாலூட்டிக் கருவுக்கு ஒரு சுற்றுக்கு அரை நாளுக்கு மேல் கிடைக்கிறது. அதனால் ஈயிலும் தவளையிலும் கற்றதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடிவதில்லை. சுண்டெலி, பசு, மனிதக் கருக்களைத் தனித்தனியே ஆராய வேண்டியிருப்பதும் அதனால்தான்.

குரோமோசோம் உடையாமல், எழுத்துப் பிழைகள் மட்டும் வருவதுண்டா?

நிச்சயம் உண்டு, எல்லோரிடமும் உண்டு. பெற்றோரிடம் இல்லாத, புதிதாக வந்த எழுத்து மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தையிடமும் சுமார் 60 முதல் 70 வரை இருக்கின்றன. பெரும்பகுதி தந்தையின் விந்தணு வழியே வருபவை. கருவுற்ற பிறகு வருபவையும் சில. வளர்ந்த மனிதர்களின் இரத்தத்தில் அவற்றைத் தேடிய ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. தொடக்கப் பிரிவுகளில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3 எழுத்து மாற்றங்கள் சேர்கின்றன என்று அது கணித்தது. 600 கோடி எழுத்து இணைகளில் 3 என்பது வியக்கத்தக்க துல்லியம். ஒரே முட்டையிலிருந்து வந்த இரட்டையரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. ஐஸ்லாந்தில் 2021இல் வெளியான ஆய்வின்படி, அவர்களுக்குள் சராசரியாக 5 தொடக்கக் கால மாற்றங்கள் வேறுபடுகின்றன.

இந்த மாற்றங்களை அடையாளமாக வைத்து, உடலின் செல்கள் முதல் இரண்டு செல்களில் எதிலிருந்து வந்தன என்றுகூடப் பின்னோக்கித் தேட முடிகிறது. அப்படித் தேடியதில் இரண்டும் சமமாகப் பங்களிப்பதில்லை என்று தெரிந்தது. 2017 ஆய்வில் இரத்தச் செல்களில் ஒன்றின் வாரிசுகள் மற்றதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தன. சில செல்கள் நஞ்சுக்கொடிக்குப் போய்விடுகின்றன, குழந்தைக்கென ஒதுங்குபவை சிலவே என்பது இதற்கு ஒரு விளக்கம்.